ஒரு ஆளுக்கு எதுக்கு ஃபேன்

போன வருஷம் கத்திரி வெயிலில் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய் இறங்கினேன். மணி ஒன்றரை இருக்கும். வாசல் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தவனுக்கு முதலில் ஒன்றும் புலப்படவில்லை. கண் பழகியபின் பார்த்தால், கொல்லைக் கதவோரமாக, பாய்கூட விரிக்காமல் சிமெண்டுத் தரையில் அம்மா படுத்திருந்தாள். கழுத்தைச் சுற்றி நனைத்த துண்டு. அது பாதி காய்ந்து ஓரங்களில் விறைத்திருந்தது. தலைக்கு நேர் மேலே ஃபேன் அசையாமல் நின்றது. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் மூலையில் ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது. சுவிட்சைத் தட்டினேன். ஃபேன் இரண்டு முறை திக்கிவிட்டு, வழக்கமான கடகடப்புடன் சுற்றத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில்தான் அம்மா விழித்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, “வந்துட்டியா தம்பி, இரு ஃபேன் போடறன்” என்றாள். போட்டாயிற்று என்று தெரிந்ததும் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இந்த வெயிலில் ஏம்மா இப்படி என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். “நான் ஒருத்திதான இருக்கன். ஒரு ஆளுக்கு எதுக்கு ஃபேன்?” என்றாள். சொல்லிவிட்டு எனக்குத் தண்ணீர் எடுக்க எழுந்து போய்விட்டாள். அவளுக்கு அது பதில் சொல்லி முடிந்துபோன கேள்வி. எனக்கு இன்னும் முடியவில்லை.

அது முடியாமல் இருப்பதற்கு இன்னொரு வாக்கியமும் காரணம். சென்னையில் நான் வேலை பார்ப்பது ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில். ஊரிலிருந்து திரும்பிய வாரம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மறந்துவிட்டு வந்த ஒரு கோப்பை எடுக்க அலுவலகத்துக்குப் போனேன். மாடியில் ஒருவரும் இல்லை. எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. மீட்டிங் ரூம் கதவுக்கு அடியிலிருந்து கணுக்காலில் குளிர் வந்து பட்டது. கதவைத் திறந்தால், வெள்ளிக்கிழமை நாங்கள் உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்துபோன அதே அறை. நாற்காலிகள் அப்படியே தள்ளிக் கிடந்தன. பேப்பர் கப்பில் மிச்சமிருந்த டீயின் மேல் ஆடை படிந்திருந்தது. இரண்டு ஏசிகளும் பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தன. ரிமோட்டைத் தேடி நிறுத்திவிட்டுக் கீழே வந்து வாட்ச்மேனிடம், “மேல ரெண்டு நாளா ஏசி ஓடியிருக்கேண்ணே, நிறுத்தியிருக்கக் கூடாதா?” என்று கேட்டேன். “யாராச்சும் இருப்பாங்கன்னு வுட்டுடறது சார். சுவிட்சுல கை வெக்காதன்னு சொல்லியிருக்காங்க. நிறுத்தப் போயி எதாவது ஆச்சுன்னா நம்ம தலையில வந்து வுடியும்” என்றார். அவர் உட்காரும் தகரக் கூண்டில் ஃபேன் கிடையாது. தரைத்தளத்து ஏசிகளின் வெளிப்பெட்டிகள் வரிசையாக அந்தக் கூண்டைப் பார்த்துத்தான் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஏசி வெப்பத்தை இல்லாமல் ஆக்குவதில்லை, உள்ளே இருப்பதை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். கொட்டும் இடத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். அவர் நாற்காலியை வேப்ப மரத்தடிக்கு நகர்த்திப் போட்டிருந்தார்.

ஆள் இல்லாத அறையில் யாராவது இருப்பார்கள் என்று ஏசி ஓடுகிறது. ஆள் இருக்கும் வீட்டில், ஒரு ஆள்தானே என்று ஃபேன் நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அம்மா வீட்டுப் பழைய ஃபேன் 75 வாட். பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை அவள் அதை நிறுத்தி வைக்கிறாள். ஒரு நாளைக்கு 0.3 யூனிட், அறுபது நாளைக்கு 18 யூனிட். ஒன்றரை டன் ஏசி முழு மூச்சில் ஓடினால் மணிக்கு ஒன்றரை யூனிட் அளவில் இழுக்கும். குளிர்ந்த அறையில் கம்ப்ரஸர் நின்று நின்றுதான் ஓடும் என்பதால் பாதியை வைத்துக்கொள்வோம். வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலைவரை அறுபது மணி நேரம், இரண்டு ஏசி, மொத்தம் 90 யூனிட். அம்மா முந்நூறு நாள் மதியங்களில் ஃபேன் இல்லாமல் தரையில் படுத்து மிச்சம் பிடிப்பதை, யாரும் இல்லாத ஓர் அறை ஒரு சனி ஞாயிறில் தீர்த்துவிடும். நான் ஞாயிறு சாயங்காலமே நிறுத்திவிட்டதால் கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனால் அந்த அறையை விட்டு வெள்ளிக்கிழமை கடைசியாக வெளியே வந்தவன் யார் என்று யோசித்தபோது, அது நானாகவும் இருக்கலாம் என்று பட்டது. நினைவில்லை. வீட்டில் எந்த அறையை விட்டு வந்தாலும் என் கை சுவிட்சுக்குப் போகும். அது அம்மா பழக்கிய கை. அதே கை அலுவலகத்தில் சட்டைப் பைக்குள் இருந்திருக்கிறது.

அம்மாவின் கணக்கு அத்தனை எளியதும் இல்லை. 2016இலிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். நூறைத் தாண்டாவிட்டால் அவளுக்குப் பில் இல்லை. ஃபிரிட்ஜ், ராத்திரி ஃபேன், டிவி, நாலு விளக்கு, எப்போதாவது மிக்ஸி எல்லாம் சேர்ந்தால் தொண்ணூற்றுச் சொச்சத்தில் வந்து நிற்கும். மதிய ஃபேனையும் சேர்த்தால் நூறைத் தாண்டிவிடும். தாண்டினாலும் அந்தப் பதினெட்டு யூனிட்டால் அதிகம் போனால் நாற்பது ரூபாய்தான் வரும். நான் மாதாமாதம் அனுப்பும் பணத்தில் அது கண்ணுக்கே தெரியாது. அதைச் சொன்னால், “பணத்துக்கா சொல்றன்” என்பாள். ரீடிங் எடுக்க வருகிற பையன் “ஆயாவுக்கு இந்தத் தடவையும் ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போவதில் அவளுக்கு ஒரு நிமிர்வு இருக்கிறது. யாருக்கும் பாரமாக இல்லை என்பதற்கு அரசாங்கமே தரும் அத்தாட்சி மாதிரி. சென்னையில் எங்கள் வீட்டிலும் இதே பதற்றம் வேறோர் எண்ணில் இருக்கிறது. 500 யூனிட்டைத் தாண்டினால், கீழே உள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்குக் கிடைத்த குறைந்த விலையும் போய்விடும் என்பதால், ரீடிங் எடுக்கும் தேதி நெருங்கினால் வீடே அடங்கிவிடும். முதலில் யார் அடங்குகிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். சமையலறையில் நிற்பவள்தான். படிக்கும் பிள்ளைக்கு விளக்கு வேண்டும், வேலை முடிந்து வந்தவனுக்கு ஏசி வேண்டும். அடுப்படியில் ஃபேன் போட்டால் தீ அலையும் என்று ஒரு காரணம் எப்போதும் தயாராக இருக்கிறது.

சின்ன வயதில் வாசல் சுவரில் கறுப்பு மீட்டர் இருந்தது. கண்ணாடிக்குள் அலுமினியத் தட்டு ஒன்று கிடையாகச் சுற்றும். அதன் விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு. ராத்திரி எல்லாவற்றையும் நிறுத்திய பிறகு அம்மா சிம்னி விளக்கை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சிவப்புக் கோடு நின்றுவிட்டதா என்று பார்ப்பாள். நகர்ந்துகொண்டிருந்தால் எங்கோ ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். கோடு நின்றபிறகுதான் படுக்கை. இப்போது இருக்கிற மீட்டரில் தட்டு இல்லை. சின்னச் சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைகிறது. “முன்னயாவது சுத்தறது தெரியும். இது என்னாத்துக்குக் கண்ணடிக்குதுன்னே புரியல” என்று குறைபட்டாள். அவளுக்குப் புரியாத இன்னொரு சிவப்பு விளக்கும் வீட்டில் இருக்கிறது. டிவிக்குக் கீழே செட்டாப் பாக்ஸ். ரிமோட்டில் நிறுத்தினாலும் அது பத்து வாட் அளவில் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். அறுபது நாள் இரவும் பகலும் சேர்த்தால் 14 யூனிட். அவள் உடம்பை வருத்திப் பிடித்ததில் முக்கால்வாசியை அந்தப் பெட்டி சத்தமில்லாமல் குடித்திருக்கிறது. சுவரில் நிறுத்தும்மா என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். பத்து வருஷமாகச் சொல்லவில்லை. எனக்கும் கணக்குப் போட்டபோதுதான் அது உறைத்தது. அறிவு எங்கள் பக்கத்திலும் வருத்தம் அவள் பக்கத்திலும் இருந்திருக்கிறது. அந்தக் காலத்து ஜீரோ வாட் பல்பு நினைவுக்கு வருகிறது. பெயரை நம்பி இரவெல்லாம் எரியவிட்டோம். அது பதினைந்து வாட் இழுத்தது.

அவள் சிக்கனம் என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. அது மின்வாரியத்துச் சொல், பள்ளிக்கூடத்துச் சொல். அவளுடையது மிச்சம் பிடிப்பது. மிச்சம் என்றால் கையில் ஏதோ நிற்க வேண்டும். அரிசியில் பிடித்தால் பானையில் நிற்கும். மின்சாரத்தில் பிடித்தது எங்கே நிற்கிறது? அதைப் பானையில் ஊற்றி வைக்க முடியாது. கேட்கும் கணத்தில் செய்து கேட்கும் கணத்தில் அனுப்ப வேண்டிய பண்டம் அது. காடம்பாறை மாதிரி ஒரு சில இடங்களில் கரண்ட் மீதியாகும் நேரம் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துத் தேவைப்படும்போது இறக்கிவிடுகிறார்கள். அதுவும் தண்ணீரைத்தான் வைத்திருக்கிறது, மின்சாரத்தை அல்ல. அப்படியென்றால் அம்மா பிடித்த மிச்சம் இருப்பது அவள் வீட்டில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஊரில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தாலே தெரியும்.

விருத்தாசலம் பக்கத்து ஊர்க்காரர்களுக்குக் கிழக்கு என்றால் நெய்வேலிப் புகைதான். 1957இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தது, 1962இல் மின்சாரம் வந்தது, இதெல்லாம் எங்கள் பள்ளிக்கூடத்தில் பெருமையோடு சொல்லிக் கொடுக்கப்பட்டவை. பெருமைக்குரியவைதான். அங்கே வேலை கிடைத்ததால் நிமிர்ந்த குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. ஆனால் ஒரு யூனிட் கரண்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிய வேண்டும். அந்த ஒரு கிலோவை எடுக்க அதைப்போல் பல மடங்கு மேல்மண்ணைத் தோண்டிப் போட வேண்டும். நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் பீறிட்டுவிடாமல் இருக்க, இரவும் பகலும் அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மேல்மண் யாரோ மணிலா போட்ட மண், யாரோ பலாவும் முந்திரியும் வைத்த மண். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெய்வேலிச் சுரங்கத்துக்காக வாய்க்கால் வெட்டுவதற்குப் பச்சை நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, பார்க்க முடியாமல் எழுந்துபோய்விட்டாள். நிலம் எப்போதோ எடுக்கப்பட்டது, பணம் கொடுத்தாகிவிட்டது, பிறகு ஏன் பயிர் வைத்தார்கள் என்று வாதம் நடந்தது. அவளுக்கு அந்த வாதம் ஏறவில்லை. “சூல் கட்டப் போற பயிரு” என்று மட்டும் சொன்னாள். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் வழக்கத்தைவிட முன்னதாக விளக்குகள் நின்றன. அவள் இரண்டையும் தொடர்புபடுத்தித்தான் செய்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் தொடர்புபடுத்திக்கொண்டேன்.

2012ஐயும் மறக்க முடியவில்லை. சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத வருஷம். சென்னைக்கு இரண்டு மணி நேரம். அதுவும் எந்த நேரம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், அந்த நேரத்துக்கு வெளியே போய்விட்டு வருவோம். ஒரு நாள் ராத்திரி ஊரில் இருந்தேன். திண்ணையில் அம்மா பனைவிசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. கீழ்வானம் மட்டும் சாம்பலும் ஆரஞ்சுமாகக் கனன்றுகொண்டிருந்தது. கரண்ட் பிறக்கும் இடம் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் எரிய, நாங்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். அந்த மின்சாரம் தென் மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் போக வேண்டியது, எங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு கம்பி வராது என்பது தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்தும் விசிறிச் சத்தம் காதில் அறுத்தது. விசிறி அவள் பக்கம் ஒரு தடவை அசைந்தால் என் பக்கம் மூன்று தடவை அசைந்தது.

கணக்குப் போட்ட அந்த இரவுக்குப் பிறகு நான் செய்தவை சிறியவை. அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன். கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர்கள் வேறு, பில் கட்டுகிறவர்கள் வேறு, அறையில் உட்காருகிறவர்கள் வேறு. மூவரில் எவருக்கும் முழுக் கணக்கு தெரியாது. சிவப்புக் கோட்டைப் பார்க்கச் சிம்னி விளக்கோடு போக அங்கே ஆள் இல்லை. பதினெட்டில் வைத்துவிட்டு எங்களில் சிலர் சால்வை போர்த்திக்கொண்டு வேலை செய்கிறோம். 2020இலிருந்து ஸ்டார் முத்திரை போட்ட ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. ஒரு டிகிரி ஏற்றினால் நூற்றுக்கு ஆறு அளவில் மின்சாரம் குறையும் என்று அதற்குக் கணக்கும் சொன்னார்கள். தொடங்குவது 24இல்தான். பிறகு யாரோ ஒருவர் இறக்குகிறார், அவர் எழுந்து போனபிறகும் அது அங்கேயே நிற்கிறது. அறையை விட்டுக் கடைசியாக வருபவர் நிறுத்த வேண்டும், வாட்ச்மேன் ஒன்பது மணிக்கு மேல் மாடி மாடியாகப் பார்த்து நிறுத்தலாம், அதற்காக அவரை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று எழுத்தில் வாங்குவதற்கு நாலு மாதம் ஆயிற்று. கூண்டுக்கு ஒரு ஃபேன் போட இன்னும் இரண்டு மாதம். அந்த ஃபேனைக் கேட்டபோது ஒருவர், நீங்கள்தானே மின்சாரத்தைக் குறைக்கச் சொன்னீர்கள் என்றார். நியாயமாகத்தான் கேட்டார். எனக்கு அப்போது தெளிவாகப் பதில் சொல்ல வரவில்லை. குறைப்பது எங்கே, கூட்டுவது எங்கே என்பதுதான் என் சங்கடம் முழுவதும் என்று இப்போது தோன்றுகிறது.

அம்மாவுக்கு முப்பது வாட்டில் ஓடும் புது ஃபேன் வாங்கி மாட்டினேன். இப்படிக் குறைவாக இழுக்கும் சாமான்களைப் பற்றி வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1865இலேயே ஒரு புத்தகத்தில் சொல்லியிருக்கிறார். குறைந்த நிலக்கரியில் ஓடும் எஞ்சின் வந்தால் நிலக்கரிச் செலவு குறையும் என்று நினைக்காதீர்கள், எஞ்சின்கள் பெருகிச் செலவு கூடும் என்று. எங்கள் சென்னை வீட்டைப் பார்த்தால் அவர் சொன்னது கண்ணெதிரே நடக்கிறது. அறுபது வாட் குண்டு பல்பு போய் ஒன்பது வாட் எல்இடி வந்ததும், முன்பு விளக்கே இல்லாத மூலைகளில் எல்லாம் விளக்கு வந்தது. கைக்கு இருந்த பழக்கம் மெல்லத் தளர்கிறது. அம்மா விஷயத்தில் மட்டும் ஜெவன்ஸ் சொன்னது நடக்க வேண்டும், கூடுதலாகச் செலவாக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். “இது அதிகம் இழுக்காதும்மா” என்றேன். “இழுக்காதுன்னா, நிக்காம ஓடணுமா?” என்றாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் கணக்குப் பார்க்கவே மாட்டாள். வெளிச்சம் மிச்சமிருந்தாலும் அந்தியில் வாசல் விளக்கு, கூடத்து விளக்கு எல்லாம் போட்டாக வேண்டும். வீடு இருண்டு கிடக்கக் கூடாது. விளக்கை அணை என்ற சொல் அவள் வாயில் வராது, அமத்து என்றுதான் சொல்வாள். வீட்டுக்கு வெளிச்சம் தேவை என்று அவளுக்குத் தெரியும். வாசல் வழியாகப் போகிறவனுக்குத் தேவை என்று தெரியும். வந்த மகனுக்குக் காற்று தேவை என்று தூக்கம் கலையாமலே தெரியும். அந்த வரிசையில் அவளுக்கு மட்டும் இடம் எப்படி இல்லாமல் போயிற்று, அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள், நாங்கள் எல்லோரும் எவ்வளவு வசதியாக அதை ஏற்றுக்கொண்டோம் என்று யோசித்தால் தொண்டை அடைக்கிறது.

ஃபேன் மாட்டிய அன்று மதியம் அவளை வாசலுக்குக் கூட்டிப் போய் மீட்டரைக் காட்டினேன். அதில் ஒரு யூனிட்டுக்கு 3200 மின்னல் என்று போட்டிருந்தது. ஃபிரிட்ஜையும் மற்றதையும் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுப் பழைய ஃபேனை மட்டும் ஓடவிட்டோம். பதினைந்து எண்ணுவதற்குள் ஒரு தடவை மின்னியது. புது ஃபேனைப் போட்டுவிட்டு எண்ணச் சொன்னேன். அம்மா சுவரில் கை வைத்துக்கொண்டு, உதடு அசைய எண்ணினாள். முப்பத்தேழு வரைக்கும் போனாள். மின்னியதும் என்னைத் திரும்பிப் பார்த்து, “பரவால்ல, நெதானமாத்தான் அடிக்குது” என்றாள். அன்று நாலு மணிவரை ஃபேன் ஓடியது. நான் இருந்த மூன்று நாளும் ஓடியது.

இந்தக் கத்திரியில் தினமும் மதியம் போன் செய்கிறேன். சாப்பிட்டியா, வெயில் எப்படி என்று கேட்டபின், ஃபேன் ஓடுதாம்மா என்று கேட்கிறேன். “ஓடுது ஓடுது” என்கிறாள். பழைய ஃபேனாக இருந்தால் அந்தக் கடகடப்பு போனிலேயே கேட்கும். புது ஃபேனுக்குச் சத்தம் கிடையாது.